சுயபதிப்பு எழுத்தாளர்களுக்கு விற்கப்படும் விளம்பரத் தொகுப்பு: தருமபுரியிலிருந்து ஒரு மதிப்பீடு

சொந்தச் செலவில் புத்தகம் அச்சிட்ட எழுத்தாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் புத்தகத்தை உலகெங்கும் கொண்டு சேர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் விளம்பரத் தொகுப்பு ஒன்றை இங்கே மதிப்பிடுகிறேன். தருமபுரி மாவட்டத்தில் புத்தகம் போட்ட இருவர் வழியாக இந்தச் சேவையின் ஆவணங்கள் என் கைக்கு வந்தன. ஒருவர் பென்னாகரத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்துகொண்டே முதல் நாவலை எழுதியவர். பணம் கட்டிச் சேவையைப் பெற்றவர். மற்றவர் பாலக்கோட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர் ஊராகச் சென்று நடுகற்களைப் பார்த்து எழுதிய நூலுக்காக இதே திட்டத்தில் சேரும்படி வற்புறுத்தப்பட்டவர். ஒருவரிடம் ரசீதுகளும் முடிவுகளும் இருந்தன; மற்றவரிடம் வாக்குறுதிகளும் ஒப்பந்த வரைவும் இருந்தன. அதனால் சொன்னதையும் செய்ததையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடிந்தது. இப்பகுதி எழுத்தாளர்களுக்கு மெய்ப்புத் திருத்தித் தந்து சிறு ஊதியம் பெறுபவன் நான் என்பதை வாசகர் அறிந்திருப்பது நல்லது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஏறத்தாழ இதே வாசகங்களோடு வெவ்வேறு பெயர்களில் திட்டங்கள் வந்துகொண்டிருப்பதால், ஒரு பெயரை மட்டும் தவிர்த்தால் போதும் என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது.

முதலில் விலை. வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நடுவில் உள்ள தங்கத்தைத்தான் வற்புறுத்துகிறார்கள். அதன் விலை ரூ.34,999. பேச்சில் வராத 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரசீதில் சேர்ந்துகொள்ள, எழுத்தாளர் கையிலிருந்து போவது ரூ.41,299. இந்தத் தொகை ஒரு சிறு நூலின் பொருளாதாரத்தில் என்ன பொருள் தரும் என்பதைப் பாலக்கோட்டு ஆசிரியரின் புத்தகத்தைக் கொண்டே பார்க்கலாம். 176 பக்க நூல், 300 படிகள், அட்டையும் அச்சும் கட்டும் சேர்த்து ரூ.30,000, அதாவது படிக்கு ரூ.100. விலை ரூ.200. கடைக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தால் எழுத்தாளருக்கு வருவது ரூ.120, அச்சுச் செலவு போக நிற்பது ரூ.20. விளம்பரத்துக்குக் கட்டும் பணத்தை மட்டும் திரும்ப எடுக்கவே அவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை விற்றாக வேண்டும். அவரிடம் இருப்பதோ முந்நூறு. கடையே இல்லாமல், கழிவே கொடுக்காமல், முந்நூறையும் தம் கையாலேயே முழு விலைக்கு விற்று முடித்தாலும் அச்சுச் செலவு போக மிஞ்சுவது ரூ.30,000தான். எல்லாப் படிகளும் தீர்ந்த பிறகும் ரூ.11,299 நட்டம். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். விற்பனைப் பிரதிநிதிக்கு நூலின் விலையும் படிகளின் எண்ணிக்கையும் தெரியும். முதல் அழைப்பிலேயே இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். தெரிந்திருந்தும் அவர் இந்தத் தொகையைச் சொன்னார் என்பதுதான் இந்தச் சேவை மீதான என் முதன்மையான குற்றச்சாட்டு.

இவர்களுடைய வருமானம் புத்தகம் விற்பதால் வருவதில்லை. எழுத்தாளரிடம் விற்பதால் வருகிறது. ஒரு விற்பனையாளரோ கடைக்காரரோ புத்தகம் நகர்ந்தால்தான் சம்பாதிப்பார். இங்கே முழுத் தொகையும் முன்பணமாக வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு படி விற்றாலும் ஆயிரம் படி விற்றாலும் நிறுவனத்துக்கு எந்த வேறுபாடும் இல்லை. தொகுப்பில் உள்ள ஒவ்வொரு அம்சத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: இது வாசகரை நோக்கிச் செல்கிறதா, எழுத்தாளரை மகிழ்விப்பதோடு நின்றுவிடுகிறதா?

தொகுப்பின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது, நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் பெற்றுத் தருவது. இந்தியாவில் இந்த எண்ணை ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகவே வழங்குகிறது. அடையாளச் சான்றையும் நூலின் விவரங்களையும் இணையத்தில் பதிவேற்றி எழுத்தாளரே தம் பெயரில் பெறலாம். இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் வாங்குவது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, எண் நிறுவனத்தின் கணக்கிலிருந்து தரப்படுவதால் பதிவேடுகளில் பதிப்பாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் நிற்பது. பென்னாகரத்து எழுத்தாளர் தம் நாவலைத் தாமே அச்சிட்டார், தாமே பணம் கொடுத்தார். ஆனால் மின்னூலின் எண்ணைத் தேடினால் பதிப்பாளராக வருபவர் அவர் அல்லர்.

பதிப்புரிமைப் பதிவும் இப்படித்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே உரிமை எழுத்தாளருக்கு வந்துவிடுகிறது. அவருடைய வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பதிவு கட்டாயம் இல்லை. வழக்கு என்று வந்தால் சான்றாக உதவும் என்று கருதிப் பதிய விரும்புபவர் இலக்கியப் படைப்புக்கான ரூ.500 கட்டணத்தைச் செலுத்தித் தாமே விண்ணப்பிக்கலாம். தொகுப்பின் விளக்கத் தாளில் இது ரூ.6,000 மதிப்புள்ள சேவையாகக் காட்டப்பட்டிருக்கிறது. பதியாவிட்டால் கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தொலைபேசியில் பென்னாகரத்து எழுத்தாளரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இது தவறான தகவல் என்பதை எழுத்துத் துறையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நிறுவனம் அறியாமல் இருக்க முடியாது.

அடுத்தது, ஆசை காட்டுவதில் எல்லாவற்றையும் விஞ்சி நிற்கும் அம்சம்: அமேசான் பெஸ்ட்செல்லர் உத்தரவாதம். இது எப்படி நிறைவேற்றப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமேசானின் மின்னூல் பதிப்புத் தளமான கேடிபியில், செலக்ட் என்ற திட்டத்தில் நூலைச் சேர்த்தால், 90 நாள் கொண்ட ஒவ்வொரு காலத்திலும் ஐந்து நாள் வரை அதை இலவசமாக வழங்கலாம். இலவச நூல்களுக்கென்று தனித் தரவரிசை உண்டு. அந்தத் தரவரிசை நூற்றுக்கணக்கான உட்பிரிவுகளாகப் பிரிந்து, அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. யாரும் அதிகம் நுழையாத ஓர் உட்பிரிவில் நூலை வைத்து, இலவச நாளில் தமக்குத் தெரிந்த சிலரைக் கொண்டு பதிவிறக்கச் செய்தால், சில மணி நேரம் அது முதலிடத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் எடுத்த திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஒன்றை எழுத்தாளருக்கு அனுப்பிவைத்தால் உத்தரவாதம் நிறைவேறியதாகக் கணக்கு. பென்னாகரத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் பின்னணியில், கறவை மாடு வைத்திருக்கும் பெண்களின் கடன்களையும் துணிவையும் சொல்லும் நாவல், அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பயண உட்பிரிவில் முதலிடம் பெற்றிருந்தது. இலவசமாக இறக்கப்பட்ட படிக்கு ராயல்டி கிடையாது. விற்பனை அறிக்கையைப் பலமுறை கேட்ட பிறகே அனுப்பினார்கள். அதில் காசு கொடுத்து வாங்கியவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தது.

அறிக்கையை எழுத்தாளர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது ஏன் என்பதும் முக்கியம். கணக்கு அவர் பெயரில் தொடங்கப்படவில்லை. கேடிபியில் கணக்குத் தொடங்க எந்தக் கட்டணமும் இல்லை. நிரந்தரக் கணக்கு எண்ணும் வங்கி விவரமும் இருந்தால் போதும். தமிழ் மின்னூல்களை அது ஏற்றுக்கொள்ளத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் நிறுவனம் தன் கணக்கிலேயே நூலை ஏற்றியதால், எவ்வளவு விற்றது என்று பார்க்கும் உரிமையும், விலையை மாற்றும் உரிமையும், நூலை எடுத்துவிடும் உரிமையும் நிறுவனத்திடமே இருக்கின்றன. எழுதியவர் தம் நூலின் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டிய நிலை. இதைவிடக் கவலை தருவது ஒரு முரண்பாடு. செலக்ட் திட்டத்தில் சேர்ந்த மின்னூலை அந்தக் காலத்தில் வேறு எந்தத் தளத்திலும் மின்வடிவில் விற்கக்கூடாது என்பது அமேசானின் நிபந்தனை. அதே தொகுப்பின் மற்றொரு வரியோ, எல்லா மின்னூல் தளங்களிலும் 150 நாடுகளில் கிடைக்கச் செய்வோம் என்கிறது. ஒன்றைச் செய்தால் மற்றொன்றைச் செய்ய முடியாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள். நாடுகளின் எண்ணிக்கையும் ஒரு சேவை அல்ல. நூலை ஏற்றும்போது உலகம் முழுவதும் விற்பனை உரிமை என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதோடு அது முடிந்துவிடுகிறது.

25 வாசகர் மதிப்புரைகள் என்ற வாக்குறுதியைப் பற்றி எழுதும்போது எனக்கு உண்மையில் கோபம் வருகிறது, ஏனென்றால் இதில் எழுத்தாளருடைய நற்பெயரே பணயமாக வைக்கப்படுகிறது. பணம் கொடுத்துப் பெறும் மதிப்புரைகளை அமேசான் தடை செய்திருக்கிறது. கண்டுபிடித்தால் அவற்றை நீக்குவதோடு கணக்கின் மீதும் நடவடிக்கை எடுக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தர வரையறையை 2022இல் வெளியிட்டது. பென்னாகரத்து நாவலுக்கு வந்த மதிப்புரைகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒன்று இதை வாழ்க்கையில் முன்னேற வழிகாட்டும் நூல் என்று பாராட்டியது. மற்றொன்றில் இருந்த வாக்கியம் ஓர் எழுத்து மாறாமல் வேறொரு நூலின் கீழும் இருந்தது. சில வாரங்களில் அவற்றில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. நாவலை நிஜமாகவே படித்த உறவுக்காரப் பெண் ஒருவர் எழுதிய நான்கு வரித் தமிழ் மதிப்புரையும் அவற்றோடு சேர்ந்து நீக்கப்பட்டுவிட்டது.

செய்தி வெளியீடு, ரீல்ஸ், இணையதளம் ஆகிய மூன்றையும் விரைவாகவே கடந்துவிடலாம். 100 செய்தித் தளங்களில் வெளியாகும் என்ற குறிப்பு, பணம் கட்டிய எவருடைய அறிக்கையையும் அப்படியே ஏற்றிவைக்கும் தளங்களைக் குறிக்கிறது. அவற்றில் ஒன்றையும் தமிழ் வாசகர் திறப்பதில்லை. ரீல்ஸ் எத்தனை பேரைச் சென்றடைந்தது, அவர்களில் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற புள்ளிவிவரத்தைக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. எழுத்தாளருக்கென்று அமைத்த இணையதளத்தின் முகவரி நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. முதல் ஆண்டு இலவசம், இரண்டாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் அவர்கள் சொல்வதுதான்.

விருது பற்றி ஒரு பத்தி தேவை. ஆண்டின் சிறந்த அறிமுக எழுத்தாளர் என்ற விருது தொகுப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதாவது நூலைப் படிப்பதற்கு முன்பே, பணம் கட்டியவுடன் விருது உறுதி. நடுவர் யார், போட்டியில் இருந்த மற்ற நூல்கள் எவை, எந்த அளவுகோலில் தேர்வு நடந்தது என்று எழுத்தாளர் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் விடை இல்லை. விழா வேறு மாநிலத்தில் ஒரு நட்சத்திர விடுதியில். மேடையேறக் கட்டணம் இல்லை, ஆனால் உடன் வருபவருக்கு உண்டு, புகைப்படத் தொகுப்புக்கு உண்டு, பெரிய கேடயத்துக்கும் உண்டு. முதன்முதலாக ஒரு நூலை எழுதி முடித்த மனிதருக்குள் இருக்கும், யாராவது இதைப் படித்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்ற ஏக்கம் மிக நியாயமானது. அந்த ஏக்கத்துக்கு விலைப்பட்டியல் தயாரித்திருப்பதை என்னால் வணிகம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பாலக்கோட்டு ஆசிரியருக்கு வந்த கடிதம் இந்த ஏக்கத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறிவைக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. இரண்டு பக்கத்துக்குப் பாராட்டு. உங்கள் கதாபாத்திரங்களின் உணர்ச்சி ஆழம் எங்கள் ஆசிரியர் குழுவை உலுக்கிவிட்டது என்றும், இதை இணையத் தொடராக எடுக்கத் தயாரிப்பாளர்களிடம் கொண்டு செல்ல விரும்புகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். நூலோ நடுகற்களைப் பற்றியது. அரூர் வட்டத்துக் கற்களில் உள்ள வட்டெழுத்தைப் படித்து, எந்தக் கல் எந்த ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு நாட்டப்பட்டது என்று பொறுமையாகப் பதிவு செய்த நூல். அதில் கதாபாத்திரம் என்று எவரும் இல்லை. தலைப்பையும் பின்னட்டை வரிகளையும் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்துப் பாராட்டுக் கடிதம் எழுதி வாங்குவது இப்போது சில நொடி வேலை. உலகெங்கும் சுயபதிப்பு எழுத்தாளர்களுக்கு இத்தகைய கடிதங்கள் குவிவதாக எழுத்தாளர் அமைப்புகள் எச்சரித்து வருகின்றன. அடுத்த அழைப்பில் அவர்களிடம் ஆசிரியர் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, புத்தகத்துல எத்தன கல்லு பத்தி எழுதியிருக்கேன்னு சொல்லுங்க, பணம் கட்டுறேன்.” அந்தப் பக்கம், “சார், எடிட்டோரியல் டீம்கிட்ட கேட்டுட்டு லைனுக்கு வர்றேன் சார்” என்று வைத்துவிட்டார்கள். மறுநாள் வேறொருவர் அழைத்து, இன்று நள்ளிரவோடு சலுகை முடிகிறது என்று முதலிலிருந்து தொடங்கினார்.

இது ஏதோ சிறு ஊர்களில் நடக்கும் சில்லறை ஏமாற்று என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் இருந்து இயங்கிய ஒரு பதிப்புச் சேவை நிறுவனத்தோடு தொடர்புடைய மூவர் மீது அந்நாட்டு அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கின் விவரம் 2025 ஜனவரியில் வெளியானது. நூல்களைப் பெரிய பதிப்பகங்களும் திரைப்பட நிறுவனங்களும் வாங்க விரும்புவதாகச் சொல்லி, அதற்கு முன்பாகக் கட்ட வேண்டிய கட்டணங்கள் என்று 800க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடம் 4 கோடியே 40 லட்சம் டாலர் பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. திரைப்படம் ஆகப்போகிறது என்ற சொல், அதற்குச் சற்றே முன்பணம் என்ற சொல், கட்டியவரிடம் மீண்டும் அடுத்த கட்டணம் என்ற சொல் ஆகிய மூன்றும் பாலக்கோட்டுக்கு வந்த கடிதத்திலும் தொடர்ந்து வந்த அழைப்புகளிலும் அதே வரிசையில் இருந்தன.

ஒப்பந்தத்தைப் பற்றி. பதினோரு பக்க ஆங்கில ஒப்பந்தம். தமிழில் வேண்டும் என்று கேட்டால் சாரத்தை வாட்சப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார்கள். தொலைபேசியில் உத்தரவாதம் என்று சொல்லப்படுவதெல்லாம் ஒப்பந்தத்தில் இயன்ற வரை முயற்சி செய்யப்படும் என்று மாறிவிடுகிறது. விற்பனைக்கு எந்தப் பொறுப்பும் ஏற்கப்படவில்லை என்று தனிப் பிரிவே இருக்கிறது. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது. எனக்கு மிக அதிகக் கவலை தந்தது ஏழாம் பக்கத்தில் விளம்பரப் பயன்பாடு என்ற தலைப்பின் கீழ் மறைந்திருந்த ஒரு பிரிவு: ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை வடிவம் ஆகிய உரிமைகள் நிறுவனத்துக்கு வழங்கப்படுவதாக அது சொல்கிறது, எவ்வளவு காலத்துக்கு என்பதும் எந்தப் பகுதிக்கு என்பதும் இல்லை. விளம்பரம் செய்யப் பணம் வாங்குபவருக்கு நூலின் உரிமை எதற்காக? பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இந்த இடத்தில் எழுத்தாளருக்குத் துணை நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், பகுதி குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அது கொள்ளப்படும். ஆனாலும் ஐந்து ஆண்டுகள் என்பது ஒரு நூலின் வாழ்வில் குறைந்த காலம் அல்ல. ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் இந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, கையெழுத்திட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நேர்மையான மதிப்பீடு என்றால் தொகுப்பில் உள்ள நல்லதையும் சொல்லியாக வேண்டும். மின்னூலுக்கு அவர்கள் செய்த அட்டைப்படம் நன்றாக இருந்தது. கறவை மாட்டின் கயிற்றை மட்டும் வைத்து வடிவமைத்தவர் நாவலின் முதல் சில பக்கங்களையாவது படித்திருக்க வேண்டும். மின்னூலாக மாற்றித் தருவது என்ற அம்சமும் தன்னளவில் பயனுள்ளது, ஏனெனில் நம் ஊர் டிடிபி நிலையங்கள் பலவற்றில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடக்கிறது. அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவது உண்மையான உழைப்பைக் கோரும் வேலை, அதற்கு ஊதியம் கொடுப்பதும் நியாயமே. ஆனால் அந்த வேலையையும் மென்பொருளில் போட்டு எடுத்ததோடு நிறுத்திவிட்டார்கள். கொம்பும் மெய்யும் பிரிந்து நிற்கும் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம். அதியமானின் மண்ணைக் களமாகக் கொண்ட நாவலில் ஔவையார் என்ற பெயர் முழுவதும் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடந்தது. மின்னூலில் தேடினால் அந்தப் பெயர் அகப்படாது. மாற்றிய பிறகு தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு முறை படித்திருந்தால் போதும். நிறுவனத்தில் அப்படி ஒருவர் இருப்பதற்கான அடையாளம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே ரூ.41,299ஐ இந்த மாவட்டத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆசிரியரின் நூலை அதே விலைக்கு இன்னும் 400 படிகள் அச்சிடலாம். நூலகத் துறைக்கு வாங்கித் தருகிறோம் என்று இடைத்தரகர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பொது நூலகத் துறை விண்ணப்பம் கோரும்போது பதிப்பித்தவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் தம் செலவில் படி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளரின் கடமை. ஆயிரக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவழித்தவர்கள் பலர் இதைச் செய்திருப்பதில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. தனி அரங்கு கட்டுப்படியாகாதவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கலாம், அல்லது ஒரு பதிப்பகத்தின் அரங்கில் கழிவு பேசி வைக்கலாம். நடுகல் நூலுக்கான வாசகர் யார் என்பது ஆசிரியருக்கு நன்றாகவே தெரியும்: தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர், வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர், தம் ஊர்க் கல்லைப் பற்றி எழுதியிருக்கிறாரா என்று புரட்டிப் பார்க்கும் பக்கத்து ஊர்க்காரர். இருபது இதழ்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மதிப்புரைக்காகப் படி அனுப்பினால் அதில் நான்கு பேர் எழுதினாலும் அது படித்தவர் எழுத்தாக இருக்கும். நாவலுக்கு இது இன்னும் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறிமுகமில்லாத நாவலாசிரியரின் முதல் நூல் மெதுவாகத்தான் நகரும், அதை விரைவுபடுத்தும் வழி எதுவும் என் அனுபவத்தில் விலைக்குக் கிடைத்ததில்லை.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குச் சில வழிகள் உண்டு. பென்னாகரத்து எழுத்தாளர் இப்போது இவற்றில்தான் இறங்கியிருக்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தார். நூல் கணக்கைத் தம் பெயருக்கு மாற்றித் தரும்படியும், நிறைவேற்றாத அம்சங்களுக்கான தொகையைத் திருப்பித் தரும்படியும் பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறார். ஒப்பந்தத்தில் வழக்கு வேறு மாநில நீதிமன்றத்தில்தான் என்று எழுதியிருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தர வழி செய்திருக்கிறது. ஐந்து லட்ச ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். இது வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை, ஆகவே இவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அதை எப்படி எதிர்கொள்வது என்று வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. போலிப் பெயரில், போலி ஆவணத்தோடு பணம் பறிக்கப்பட்டிருந்தால், தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆதாரம்தான். அழைப்பில் சொன்ன வாக்குறுதியை உடனே வாட்சப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி, நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரியை உறுதிப்படுத்த அவர்கள் தயங்கினால், பணம் கட்டும் முன்பே விடை கிடைத்துவிட்டது.

ஐந்துக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன்; அதுவும் அட்டைப்படத்துக்கு மட்டும். கணக்கை எழுத்தாளர் பெயரில் தொடங்கி, உரிமைப் பிரிவை நீக்கி, கட்டணத்தில் பாதியையாவது விற்ற படிகளின் எண்ணிக்கையோடு இணைத்து, தமிழில் ஒப்பந்தம் தந்தால் இந்த மதிப்பீட்டைத் திருத்தி எழுதுவேன் என்று இரண்டு எழுத்தாளர்களின் சம்மதத்தோடு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். வந்த பதிலில், என் நூல் எது, எத்தனை படிகள் அச்சிட்டிருக்கிறேன் என்று கேட்டிருந்தார்கள்.